ரிக்கற் அண்ணையின் ஒன்றரைப் பாட்டு

ஜேர்மனியில் இருக்கும் கோபக்காரர்கள் எல்லோரையும் கூட்டி வந்து கொலோன் பேராலய வாசலில் வரிசையாக நிற்க வைத்தால், அந்த வரிசையில் ரிக்கற் அண்ணை நிற்கமாட்டார். வரிசையின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நடந்து, ஒவ்வொருவரிடமும் "ரிக்கற்றைக் காட்டுங்கோ" என்று கேட்டு, அவர்களுடைய கோபத்தை இரண்டு மடங்காக்கிவிட்டுத்தான் ஓய்வார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அது அவருடைய கடவுச்சீட்டுக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் ரிக்கற் அண்ணை. ட்ராம் வண்டிகளில் பயணச்சீட்டுப் பரிசோதகர் வேலை. சாதாரண உடுப்பில், சந்தைக்குப் போகிற மனிதர்போல ஏறுவார். கதவு மூடியதும் சட்டைக்குள்ளிருந்து கழுத்து அட்டையை வெளியே இழுப்பார். மற்றப் பரிசோதகர்கள் சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இவர் கையில் வாங்குவார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பார். முன்பக்கம் பார்ப்பார், பின்பக்கம் பார்ப்பார். பிறகு, ஏதோ மனமில்லாமல் விடுதலை செய்கிற நீதிபதிபோல "செல்லும்" என்று சொல்லித் திருப்பித் தருவார். ஜேர்மன்காரர் என்றால் அதையே அவர்கள் மொழியில் சொல்வார். குரலில் இருக்கும் ஏமாற்றம் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

இதை எழுத உட்காரும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு மாரிகால ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். என் மனைவி புட்டு அவித்திருந்தாள். மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது "நீர் குடுத்து வைச்சனீர்" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அடுத்தநாள் காலை நான் வேலைக்குப் போகிற ட்ராமில் அவர் ஏறினார். நான் முழுப் பல்லும் தெரியச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ரிக்கற்றைக் காட்டுங்கோ."

வீட்டில் என்னை 'நீர்' என்கிறவர் வண்டியில் '-கோ' போட்டுவிட்டார். ஆபத்து அந்த மரியாதைக்குள்தான் இருந்தது.

"அண்ணை, மாதச்சீட்டு மற்றக் கோட்டுக்குள்ள கிடக்கு. இண்டைக்குக் கோட்டை மாத்திப் போட்டன்."

"நான் கோட்டைக் கேக்கேல்லை. ரிக்கற்றைக் கேட்டனான்."

"நேற்று எங்கட வீட்டிலதானே சாப்பிட்டனீங்கள்."

"ஓம். புட்டு நல்லா இருந்தது. ரிக்கற்."

வண்டியில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவர் படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். பெயரைக் கேட்டார், சொன்னேன். விலாசத்தைக் கேட்டார்.

"அண்ணை, நேற்று வந்த வீடுதான்."

"நான் வந்தது எனக்குத் தெரியும். படிவத்துக்குத் தெரியாது. சொல்லுங்கோ."

சொன்னேன். வேறு என்ன செய்ய. இரண்டு வாரம் கழித்து மாதச்சீட்டை அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டி அந்தக் குற்றத்தைக் கழுவினேன். என் மனைவி, இனி அந்த மனுசனுக்கு இந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் கிடையாது என்று சத்தியம் செய்தாள். அடுத்த மாதமே அவருக்கு மறுபடியும் புட்டு அவித்தாள். அது என் வாழ்க்கையின் வேறொரு கோபம், இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

இப்படிப்பட்ட மனிதரோடு எனக்கு என்ன பழக்கம் என்று நீங்கள் கேட்கலாம். பாட்டுத்தான். அதுவும் கிற்றார்ப் பாட்டு.

எங்கள் வயதுக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் சின்ன வயதில் வானொலியில் ஆங்கிலச் சேவை என்று ஒன்று இருந்தது. அதில் அமெரிக்காவின் மாட்டுப் பண்ணைகளைப் பற்றியும், ரயில் பாதைகளைப் பற்றியும், விட்டுவிட்டுப் போன காதலிகளைப் பற்றியும் கிற்றாரை வைத்துக்கொண்டு தனி ஆளாகப் பாடுவார்கள். ஆங்கிலம் பாதி விளங்காது. அழுகை முழுதாக விளங்கும். அறிவிப்பாளர் சொல்கிற வேகத்தில் பாடகர்களின் பெயர் பிடிபடாது, ஆகவே நாங்களே பெயர் வைத்தோம். மூக்கால் பாடுகிறவர் மூக்கர். ஒலிநாடா உறையில் பெரிய கண்ணாடி போட்டிருந்தவர் கண்ணாடி அக்கா. எல்லோருக்கும் மேலே நெட்டையர். உறைப் படத்தில் அவருடைய தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது, அவ்வளவு உயரம். உண்மைப் பெயர்களை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் எழுத்துப்பிழை என்று அடுத்த வாரமே பதினைந்து பேர் கடிதம் போடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

அகதியாக வந்து, வேலை தேடி, பிள்ளைகளை வளர்த்து, நரை விழுந்த பிறகு பார்த்தால் கொலோனில் இதே பைத்தியம் பிடித்தவர்கள் சிலர் இருந்தோம். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் கூடுவோம். ரைன் நதிக்கு அந்தப் பக்கம், வாடகைத் தோட்டக்காரர்களின் பொது மண்டபம். மண்டபத்தை எடுத்துத் தந்தவர் மன்ஃபிரெட் என்கிற ஜேர்மன்காரர். ஓய்வுபெற்ற லொறிச் சாரதி. அங்கே அவருக்கு ஒரு துண்டுத் தோட்டம் இருந்தது. அகலத் தொப்பி, கூர்ச் சப்பாத்து, நெஞ்சில் தகர நட்சத்திரம் என்று அமெரிக்க மாட்டிடையர் கோலத்தில்தான் எப்போதும் வருவார். கோடை காலத்தில் தன்னைப்போல இருபது பேரோடு காட்டோரம் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவார். எல்லாம் இருக்கும், மாடு மட்டும் இருக்காது.

ரதி அக்கா வருவார். முதியோர் இல்லத்தில் தாதி. எங்களில் உண்மையாகக் கிற்றார் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள். பிறகு சோதி. காப்புறுதி விற்கிறவர், நடக்காத விஷயங்களைப் பற்றிக் கதைப்பது அவருக்குத் தொழில். மற்றும் நான், ரிக்கற் அண்ணை, வந்தும் வராமலும் இருக்கிற இன்னும் மூன்று நான்கு பேர். தேத்தண்ணியும் கேக்கும் வைத்துக்கொண்டு, யார் யாரை எங்கே கேட்டோம், அந்த நேரம் என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்வோம். பிறகு ரதி அக்கா இரண்டு பாட்டு வாசிப்பார். அவ்வளவுதான். மாதம் முழுக்க ஆஸ்பத்திரிச் சமையலறையில் உருளைக்கிழங்கோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அந்த ஒரு பின்னேரம் போதும்.

அதைக் கெடுத்தது முதலில் சோதி. பிறகு ரிக்கற் அண்ணை.

சோதி ஒரு மாதம் எழும்பி, தான் நெட்டையரை நேரே கண்டதாகச் சொன்னார். மூன்றாவது வரிசையாம். பாட்டின் நடுவில் கிற்றார்க் கம்பி அறுந்ததாம். நெட்டையர் இவரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு மிச்சக் கம்பிகளில் பாட்டை முடித்தாராம். எங்களுக்குப் புல்லரித்தது. அடுத்த மாதம் மூக்கரைக் கண்ட கதை. மூன்றாவது வரிசை. கம்பி அறுந்தது. கண்ணடித்தார். அதற்கடுத்த மாதம் கண்ணாடி அக்கா.

ரிக்கற் அண்ணை கேக் தட்டை மேசையில் வைத்தார்.

"அதென்ன, உம்மைக் கண்டா எல்லாருக்கும் கம்பி அறுகுதோ?"

"நடந்ததைத்தானே அண்ணை சொல்லுறன்."

"ரிக்கற் வைச்சிருக்கிறீரோ?"

"அந்தக் காலத்து ரிக்கற்றை ஆர் வைச்சிருக்கிறது?"

"அப்ப நீர் போகேல்லை."

இவ்வளவுதான் கதைத்தார்கள். ஆனால் ரிக்கற் அண்ணையின் கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். ஒரு பொய்க்கு இவ்வளவு கோபமா என்று அன்று யோசித்தேன், யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். அடுத்த மாதம் அவர் பிளாஸ்ரிக் உறை போட்ட ஒரு மட்டையோடு வந்து சுவரில் அறைந்தார். மேலே ஜேர்மன், கீழே தமிழ். 'நினைவு சொல்ல விரும்புவோர் அந்தக் கச்சேரியின் ரிக்கற்றை முதலில் மேசையில் வைக்கவும்.'

மன்ஃபிரெட்டுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். அடுத்தமுறை ஒரு பெரிய கோவையைச் சுமந்துகொண்டு வந்தார். பதினேழு வயதிலிருந்து போன கச்சேரிகளின் சீட்டு முழுவதும் உள்ளே இருந்தது, ஆண்டு வரிசைப்படி, தனித்தனி உறையில். அன்று கதைக்க எடுத்தவற்றை ரிக்கற் அண்ணை ஒவ்வொன்றாக ஜன்னலடியில் பிடித்துப் பார்த்து "செல்லும், செல்லும்" என்று தள்ளினார். அன்று பின்னேரம் முழுக்க மன்ஃபிரெட்தான் பேசினார். அதற்கடுத்த மாதமும் அவர்தான். அதற்கடுத்த மாதமும்.

இங்கேதான் எனக்குக் கோபம் ஏறத் தொடங்கியது. எங்களிடம் எங்கே சீட்டு இருக்கிறது? நாங்கள் உடுத்த துணியோடு வந்தவர்கள். வந்த பிறகும் ஒரு அகதி விடுதியிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள். நாங்கள் பத்திரப்படுத்தியது ஒரேயொரு வகைக் கடதாசியைத்தான், அரசாங்கம் முத்திரை குத்தி அனுப்பியதை. அதைத் தொலைத்தால் ஆளையே ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். மற்றக் கடதாசி எல்லாம் போயிற்று. ஆகவே இந்த மட்டையின்படி பார்த்தால் மன்ஃபிரெட்டுக்கு வாழ்க்கை இருந்திருக்கிறது, எங்களுக்கு இருக்கவில்லை. இதைச் செய்தது வெள்ளைக்காரன் இல்லை. எங்கள் வீட்டுப் புட்டைச் சாப்பிட்ட எங்கள் ஆள்.

நான் இதை அவரிடம் சொன்னேன். "சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான்" என்றார். அந்த வாயில் கேக்கை அடைக்க வேண்டும்போல இருந்தது.

ரதி அக்காவின் முறை வந்தது. அவர் மட்டையைக் கணக்கில் எடுக்காமல் தன்பாட்டுக்குச் சொல்லத் தொடங்கினார். நெட்டையரின் ஒரு பாட்டில் இரண்டாவது சரணம் முடிந்ததும் பாடுவதை நிறுத்திவிட்டுக் கிற்றாரைத் தனியே பேச விடுவார். ரதி அக்காவின் தம்பி வானொலிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அந்த இடத்தைக் காதால் பிடித்துக் கம்பியில் தேடுவானாம். வாரத்துக்கு ஒருதரம்தான் அந்தப் பாட்டுப் போகும். ஒரு வாரத்துக்கு இரண்டு சுரம் என்று சேர்த்துச் சேர்த்து முழுவதையும் பிடித்துவிட்டானாம்.

"அவன் காட்டித் தந்ததைத்தான் நான் இண்டைக்கும் வாசிக்கிறன்" என்றார் ரதி அக்கா. அந்தத் தம்பி பிறகு வீடு திரும்பவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ரிக்கற் அண்ணை தொண்டையைச் செருமினார்.

"ரேடியோவில கேட்டதெண்டா லைசென்ஸ் இருந்திருக்க வேணும். அந்த நேரம் ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுக்கிறது. இருந்ததோ?"

ரதி அக்கா கிற்றாரைப் பையில் வைத்து, பையின் சங்கிலியை இழுத்து மூடினார். அவசரப்படவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் பின்னால் ஓடிப்போய்க் கூப்பிட்டேன், திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பி வந்து ரிக்கற் அண்ணையை அந்த மண்டபத்தில் வைத்து என்ன பேசினேன் என்பதை இந்தப் பத்திரிகையில் போட ஆசிரியர் சம்மதிக்கமாட்டார். அவருடைய முகம் சாம்பலாய்ப் போயிருந்தது. ஆனாலும் மட்டை சுவரில்தான் இருந்தது.

ஐந்து மாதம் ரதி அக்கா வரவில்லை. கிற்றார் இல்லாத கிற்றார்ச் சங்கம். மன்ஃபிரெட் கோவையைப் புரட்டினார், நாங்கள் கேக் சாப்பிட்டோம்.

பிறகு நெட்டையர் செத்துப்போனார்.

செய்தி போனில் வந்தபோது நான் வேலையில் நின்றேன். முந்நூறு பேருக்கான உருளைக்கிழங்கு மசியலுக்கு முன்னால் நின்று அழுதேன். அன்றைக்கு வெங்காய வேலையும் இல்லை, கேட்டவர்களுக்குச் சாட்டுச் சொல்லக்கூட வழியில்லை. பின்னேரம் ரதி அக்காவுக்குப் போன் எடுத்தேன். வருகிற ஞாயிறு நெட்டையருக்காகக் கூடுகிறோம், நீங்கள் வந்து அந்தப் பாட்டை வாசிக்க வேண்டும் என்றேன்.

"அந்த மட்டை சுவரில கிடக்கும்வரைக்கும் நான் அந்த வாசல்படி மிதிக்கமாட்டன்" என்றார்.

நேரே ரிக்கற் அண்ணை வீட்டுக்குப் போனேன். சண்டை பிடிக்கத்தான். படியேறும்போது ஏசுவதற்கான சொற்களை ஒழுங்குபடுத்திக்கொண்டே போனேன். அவருடைய மனைவி கதவைத் திறந்தார்.

"உள்ளுக்க இருக்கிறார். ரெண்டு நாளாச் சரியாச் சாப்பிடேல்லை. வந்ததுதான் வந்தீர், நல்லா ஏசிவிட்டுப் போம். எனக்கு ஏசி அலுத்துப் போச்சு."

ரிக்கற் அண்ணை சாப்பாட்டு மேசையில் இருந்தார். முன்னால் ஒரு பழைய கோவை திறந்திருந்தது. அதில் நாலாக மடித்து மடித்துக் கோடு விழுந்த ஒரு நீலக் கடதாசி. என்னைக் கண்டதும் கோவையை மூடினார். நான் நின்றபடியே தொடங்கினேன். மட்டையைக் கழற்ற வேண்டும், ரதி அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், நெட்டையரைப் பற்றி இங்கே யாருக்குத்தான் பேச உரிமை என்று பொரிந்து தள்ளினேன். மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் அவர் மெதுவாகச் சொன்னார்.

"நான் அவரைக் கேட்டனான்."

"ஆரை?"

"நெட்டையரை. நேர."

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

அவர் அந்தக் காலத்துக் கிழக்கு ஜேர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ரயில் ஏறி மேற்குப் பக்கம் வந்து, அங்கிருந்து இங்கே ஒரு சிறு பட்டினத்து அகதி விடுதிக்கு அனுப்பப்பட்டவர். அந்தக் காலத்தில் அகதி வழக்கு முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டுவதற்கு விண்ணப்பம் போட்டு அனுமதி எடுக்க வேண்டும். ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் நெட்டையரின் படம் ஒட்டியிருந்ததாம். பதினாலு கிலோமீற்றர் தூரத்தில் கச்சேரி. ஆனால் அடுத்த மாவட்டம்.

"விண்ணப்பம் போட்டனான் தம்பி. காரணம் எண்ட இடத்தில பாட்டுக் கேக்க எண்டு எழுதினனான். ஒஃபிஸில இருந்த மனுசி வாசிச்சுப் போட்டு, பக்கத்து மேசைக்காரிக்கும் வாசிச்சுக் காட்டினது. பாட்டுக் கேக்கிறது ஒரு காரணம் இல்லையாம்."

"பிறகு?"

"சைக்கிளில போனன். உள்ள போக ரிக்கற் இல்லை. மண்டபத்துக்குப் பின்னால சமையல் கதவு திறந்து கிடந்தது. பியர் பீப்பா அடுக்கி இருந்தது. அதுக்குப் பின்னால நிண்டன்."

"எத்தினை பாட்டுக் கேட்டனீங்கள்?"

"ஒண்டரை."

ஒரு பாட்டு முழுதாக. இரண்டாவது, ரதி அக்கா வாசிக்கிற அதே பாட்டு. இரண்டாவது சரணம் முடிந்து கிற்றார் தனியே தொடங்குகிற நேரம் யாரோ கண்டு சொல்லிப் பொலிஸ் வந்துவிட்டது. அவரைப் பிடித்து, சைக்கிளையும் ஏற்றி, கொண்டுவந்து விடுதியில் விட்டுவிட்டுப் போனார்கள்.

"இதை ஏன் அண்ணை ஒருநாளும் சொல்லேல்லை?"

அப்போது அவருக்குக் கோபம் வந்தது. மேசையில் கையால் அடித்தார்.

"எப்பிடிச் சொல்லுறது? நான் ஊருலகத்தில எல்லாரிட்டையும் ரிக்கற் கேக்கிறவன். நானே ரிக்கற் இல்லாமக் கேட்டனான் எண்டு சொல்லுறதோ? போகாதவன் மூண்டாம் வரிசையில இருந்தன் எண்டு வெக்கமில்லாமச் சொல்லுறான். போன நான் பீப்பாவுக்குப் பின்னால நிண்டதைச் சொல்ல வெக்கப்படுறன்."

நான் ஏசுவதற்கென்று கொண்டுபோன சொற்கள் கையில் அப்படியே இருந்தன. யார்மேல் வீசுவதென்று தெரியவில்லை. அந்த அலுவலக மனுசியின் மேலா, பொலிஸின் மேலா, சோதியின் மேலா. கடைசியில் பக்கத்தில் இருந்தவர்மேலேயே வீசினேன்.

"அப்ப அந்த மட்டையைக் கழட்டுங்கோ. நீங்களும் சொல்லலாம், ரதி அக்காவும் சொல்லலாம்."

"அதெப்பிடி? எனக்காகக் கழட்டினதெண்டு ஆகிப்போகும். சட்டம் சட்டம்தான்."

கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். இப்படி ஒரு மனிதனை எந்தத் தாய் எந்த நட்சத்திரத்தில் பெற்றாளோ என்று ட்ராமில் வாய்விட்டே சொன்னேன்.

பிறகு ரதி அக்காவுக்குப் போன் எடுத்து, மட்டையைக் கழற்றியாயிற்று என்று சொன்னேன். பொய்தான். சோதியோடு பழகி வந்த பழக்கம்.

ஞாயிறு பின்னேரம் ரதி அக்கா கிற்றாரோடு உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. ஆனால் வந்தவர் போகவில்லை, கதவோரக் கதிரையில் கோட்டைக் கழற்றாமல் இருந்தார். நெட்டையரின் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி எரிந்தது. ரிக்கற் அண்ணை மூலையில் இருந்தார். அவருடைய கதிரைக்குக் கீழே அந்தப் பழைய கோவை இருந்ததை நான் கண்டேன்.

மன்ஃபிரெட் எழுந்தார். தன் கோவையிலிருந்து, அதுவரை வெளியே எடுக்காத ஒரு சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். அவர் ஜேர்மன் மொழியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"நான் நெட்டையரை ஒரேயொரு தடவைதான் பார்த்தேன்" என்று தொடங்கி, ஊரின் பெயரைச் சொன்னார். ரிக்கற் அண்ணையின் தலை நிமிர்ந்தது. "அருமையான கச்சேரி. ஆனால் இரண்டாவது பாட்டு எனக்குப் பாழாய்ப் போயிற்று. கிற்றார் தனியே போகிற அந்த இடம். அதற்காகவே போனவன் நான். சரியாக அந்த நேரம் சமையலறைப் பக்கம் ஒரே இரைச்சல், பொலிஸ், பீப்பாக்கள் உருள்கிற சத்தம். யாரோ ஒரு மடையன். இத்தனை வருடமாக அந்த மடையன்மேல் எனக்குக் கோபம்."

ரிக்கற் அண்ணை எழுந்து நின்றார்.

"அந்த மடையன் நான்தான்" என்றார், முதலில் ஜேர்மனில். பிறகு எங்களைப் பார்த்துத் தமிழில்.

மன்ஃபிரெட் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விரலை நீட்டிச் சுவரைக் காட்டினார்.

"சீட்டு?"

மன்ஃபிரெட்டை நான் குறை சொல்லமாட்டேன். அவரை அப்படிப் பழக்கியது இவர்தான். சோதி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ரிக்கற் அண்ணை "இல்லை" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருக்கப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"கதிரைக்குக் கீழ கிடக்கிறதை எடுங்கோ அண்ணை. எடுக்காட்டி நான் எடுப்பன்."

"அது ரிக்கற் இல்லை."

"எடுங்கோ."

எடுத்தார். நீலக் கடதாசி. எல்லை தாண்டியதற்காகப் பொலிஸ் எழுதிக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதம். எங்கள் எல்லோரையும்போல, அரசாங்கக் கடதாசி என்ற பயத்தில் அவரும் எறியாமல் வைத்திருந்திருக்கிறார். அதை மேசையில் வைக்கக் கை வரவில்லை, பிடித்துக்கொண்டு நின்றார்.

ரதி அக்கா எழுந்து வந்து அவருடைய கையிலிருந்து அதை வாங்கினார். ஜன்னலடிக்குப் போனார். வெளிச்சத்தில் பிடித்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். பிறகு வாசித்தார். ஆளின் பெயர் இருந்தது. ஊர் இருந்தது. இரவு எட்டு இருபது என்று நேரம் இருந்தது. பிடிபட்ட இடம், மண்டபத்தின் பின் வாசல் என்று இருந்தது. கீழே முத்திரை.

"என்னட்டை ரேடியோ லைசென்ஸ் கேட்டனீங்கள்" என்றார் ரதி அக்கா, கடதாசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஓம்."

"பிழை."

"பிழைதான் ரதி. பெரிய பிழை. அண்டைக்கே தெரியும். கேக்க வாய் வரேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ரதி அக்கா கடதாசியை அதன் பழைய மடிப்பிலேயே மடித்தார். மேசையில் மன்ஃபிரெட்டின் சீட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

"செல்லும்" என்றார். "சொல்லுங்கோ."

ரிக்கற் அண்ணை சொன்னார். பாட்டுக் கேட்பது ஒரு காரணமில்லை என்று சொன்ன மனுசியிலிருந்து தொடங்கி, பதினாலு கிலோமீற்றர், பீப்பா, கொஞ்சமாகத் திறந்திருந்த கதவு, நெட்டையரின் முகத்தைக் காணாமல் சப்பாத்து நிலத்தில் தட்டுகிற சத்தத்தை மட்டும் கேட்டது எல்லாம் சொன்னார். மன்ஃபிரெட்டுக்காக இடையிடையே ஜேர்மனிலும் சொன்னார். ஒரு கம்பியும் அறவில்லை. ஒருவரும் கண்ணடிக்கவில்லை.

முடிந்ததும் ரதி அக்கா கோட்டைக் கழற்றினார். கிற்றாரை எடுத்தார்.

"எந்த இடத்தில விட்டது?"

"ரெண்டாவது சரணம் முடிஞ்ச இடம்."

அந்த இடத்திலிருந்தே தொடங்கினார். தம்பி வாரத்துக்கு இரண்டு சுரமாகப் பிடித்துக் கொடுத்தது. மன்ஃபிரெட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். இத்தனை வருடத்தில் அன்றுதான் அவருடைய உச்சந்தலையைப் பார்த்தோம். அவருக்கும் அது பாழாய்ப்போன பாதிதானே. ரிக்கற் அண்ணை இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, யாரையோ பிடித்து எழுதப்போகிறவர்போல முறைத்தபடி இருந்தார். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அழும்போதும் அந்த மனிதருக்குக் கோபமாகத்தான் அழத் தெரியும்.

மட்டையை அவர் கடைசிவரை கழற்றவில்லை. அன்று போகும்போது பேனாவை எடுத்துக் கீழே இரண்டு வரி சேர்த்தார். 'அல்லது அரசாங்கக் கடதாசி.' அதற்குக் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில், 'வானொலியில் கேட்டவர்களுக்கு ஒன்றும் தேவையில்லை.' அடுத்த மாதமே சோதி ஒரு காப்புறுதிப் பத்திரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நடந்த சண்டையைத் தோட்டக்காரர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

போன வருடம் ரிக்கற் அண்ணை ஓய்வு பெற்று, மகளோடு இருக்க ஹம்பேர்க் போய்விட்டார். போகிறவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாரா? இல்லை. வழியனுப்ப வந்தால் நாங்கள் அழுவோமாம், அதைப் பார்க்க அவருக்கு விசர் வருமாம். மனைவி போனில் சொன்னார். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

இப்போது ட்ராமில் ஏறுகிற பரிசோதகர்கள் இளம் பிள்ளைகள். மாதச்சீட்டு போனுக்குள் வந்துவிட்டது. நீட்டினால் ஒரு கருவியைக் காட்டுவார்கள், அது கீச்சென்று ஒரு சத்தம் போடும், நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அது பத்தாது. மாதத்தில் ஒருதரம் தேவையில்லாமல் ஒரு கடதாசிச் சீட்டு வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன். கோட்டை மாற்றினால் அதையும் மறக்காமல் மாற்றிவிடுகிறேன். ஒருநாள் அந்த மனுசன் திடீரென்று ஏறிவிட்டால், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க அவருக்கு ஏதாவது இருக்க வேண்டும்.